லோடு வண்டியில் ஒரு நல்ல செட்டு

தஞ்சாவூர் வீணையைப் பற்றிப் பேச்செடுத்தால் பலாமரத்தில் தொடங்குவார்கள். நரசிங்கன்பேட்டை நாகசுரம் என்றால் ஆச்சா மரத்தில். இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வீணைக்கு 2013இல், நாகசுரத்துக்கு 2022இல். கிடைக்க வேண்டியதுதான். இதே மண்ணில், இதே காதுகளை நம்பி இன்னொரு ஒலி வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டை என்று எந்த ஊர் பைபாஸிலும் பார்க்கலாம். ஒரு சின்னக் கடை. வாசலில் இரண்டு லோடு வண்டிகள் கதவைத் திறந்துபோட்டு நிற்கும். ஒருவர் வண்டிக்குள் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு வயர் இழுத்துக்கொண்டிருப்பார். பாட்டு செட்டு வைக்கிறவர். அவர் கைவேலையை நாலு பேருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வெகுநாள் ஆசை.

ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல், அதன் பின்னால் சம்பா, தாளடி. விதை, உரம், நாற்றுக்கட்டு, வைக்கோல், மூட்டை என்று வருஷம் முழுக்க லோடு வண்டிக்கு வேலை இருக்கும். அறுவடை நாளில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது, டிரைவர் ஓட்டுகிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம் அதிகம். மழை மேகம் திரண்டால் தார்ப்பாய் போர்த்திவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பாடும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். அந்த நாலடி அகலக் கேபினுக்குள் நல்ல பாட்டு கேட்க வேண்டும் என்று ஒருவர் நினைப்பதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

டாடா ஏஸ் 2005இல் வந்தது. முக்கால் டன் வண்டி. 40 கிலோ மூட்டை பதினெட்டு ஏற்றினால் கணக்கு சரி. ஊரே அதற்குக் ‘குட்டி யானை’ என்று பேர் வைத்துவிட்டது. 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப் ஏற்கெனவே இருந்தது. இந்த மூன்றும் காவிரி டெல்டாவின் சின்னச் சரக்குப் போக்குவரத்தைத் தூக்கிச் சுமக்கின்றன. இவற்றுக்கு முன்னால் லாரியிலும் தனியார் பஸ்ஸிலும் பாட்டு இருந்தது. கேசட்டுக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் ஒரு வெற்றுக் கேசட்டையும் கையால் எழுதிய பாட்டு லிஸ்டையும் கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்துப் போய் வாங்கி வருவார்கள். எந்த பஸ்ஸில் நல்ல பாட்டு போடுவார்கள் என்று பார்த்து ஏறியவர்கள் தஞ்சாவூர்–கும்பகோணம் பாதையில் நிறைய உண்டு. ஆனால் லாரிக்கும் பஸ்ஸுக்கும் முதலாளி வேறு, ஓட்டுகிறவர் வேறு. குட்டி யானை வந்த பிறகுதான் ஓட்டுகிறவரே கடன் வாங்கி வண்டிக்குச் சொந்தக்காரர் ஆனார். செட்டும் அவர் ரசனைக்கு வந்தது. மாதத் தவணை கட்டியது போக மிஞ்சுகிற பணத்தில் வைக்கிற செட்டு அது. அதனால்தான் அதில் கைவேலை அதிகம், விலை குறைவு.

கேபினுக்குள் பாட்டுக்கு முதல் எதிரி எஞ்சின். ஏஸின் பழைய டீசல் எஞ்சினுக்கு இரண்டே சிலிண்டர், 702 சிசி. அதுவும் உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சிலிண்டர் என்றால் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 2500 சுற்று ஓடினால் நொடிக்கு ஏறக்குறைய 42 அதிர்வு. பேஸ் கிடாரின் அடித் தந்தியைச் சும்மா மீட்டினால் 41. வண்டி ஒரு வேகத்தில் போகும்போது எஞ்சினே பேஸ் கிடார் வாசிக்கிறது, அதுவும் ஒரே சுரத்தை விடாமல். தோஸ்துக்கு மூன்று சிலிண்டர். அது 2000 சுற்றில் 50 அதிர்வைத் தொடும். பொலேரோவுக்கு நான்கு, அது 1500 சுற்றிலேயே அங்கே வந்துவிடும். வண்டிக்கு வண்டி உறுமல் எழும் வேகம் மாறுகிறதே ஒழிய, எல்லா வண்டியிலும் கீழ்ச்சுரத்தை எஞ்சின்தான் பிடித்துவைத்திருக்கிறது.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் முதல் காசை ஊஃபரில் போடுகிறார்கள். பாட்டு சரியாகக் கேட்கவில்லை, ‘பேஸ் பத்தல’ என்று பெரிய ஊஃபராக வாங்கிச் சீட்டுக்குப் பின்னால் திணிக்கிறார்கள். அப்புறம் எஞ்சினும் ஊஃபரும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் இருக்கிற குரல், பாவம், எங்கோ பக்கத்து ஊரில் பாடுவதுபோல் கேட்கும். நான் பார்த்த நல்ல மெக்கானிக்குகள் எல்லாரும் இதற்கு நேர்எதிராகத் தொடங்குகிறார்கள். அவர்கள் முதலில் குரலைத் தேடுகிறார்கள். குரலும் நாகசுரமும் வயலினும் இருக்கிற நடுப்பகுதியில் எஞ்சினுக்கு அவ்வளவு பலம் கிடையாது. அங்கே இடம் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் பிறகு.

செலவே இல்லாத முதல் வேலை பென் டிரைவில் இருக்கிறது. மொபைல் கடையில் காசு கொடுத்து ஏற்றிக்கொள்கிற ‘ஐயாயிரம் பாட்டு’ டிரைவ்களில் பெரும்பாலானவை நசுக்கிய பாட்டுகள். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 320 கேபிபிஎஸ் தரத்தில் 12 எம்பி இருக்கும்; 128இல் ஐந்து எம்பிகூட வராது. 32 ஜிபி டிரைவில் முதல் வகையில் இரண்டாயிரத்து அறுநூறு பாட்டு ஏறும், இரண்டாவது வகையில் ஆறாயிரத்துக்கு மேல் ஏறும். எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு நசுக்கினால் முதலில் சாவது ஜால்ராவும் சிம்பலும். சலங்கை ஒலி சருகு மிதிபடுகிற சத்தமாகிவிடும். எத்தனை ஆயிரம் கொட்டி ஸ்பீக்கர் வாங்கினாலும் அந்தச் சலங்கை திரும்பாது. ஆயிரம் பாட்டு போதும். அந்த ஆயிரமும் நல்ல பிரதியாக இருக்கட்டும்.

அடுத்தது கதவு. இங்கேதான் கைவேலை தொடங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னால் போகிற அலையும் பின்னால் போகிற அலையும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டும் சந்தித்தால் கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். லோடு வண்டிக் கதவின் உட்தகடு முழுக்க ஓட்டை, பின் அலை அதன் வழியாகத் தாராளமாக வெளியே வருகிறது. ஆகவே விலையுயர்ந்த ஸ்பீக்கரும் அங்கே போய் டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரிக் கத்துகிறது. ஓட்டைகளை அடைத்தால் போதும், அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கராகிவிடும். பெரிய ஓட்டைகளுக்கு மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி ரிவெட் அடிக்க வேண்டும். சின்ன ஓட்டைகளுக்குக் கூரை ஒழுகலுக்கு ஒட்டுகிற பியூட்டைல் டேப் போதும். கார் கடையில் விற்கிற டேம்பிங் ஷீட்டும் அதே ஜாதிப் பொருள்தான், விலைதான் பல மடங்கு. தார் ஷீட் மட்டும் வேண்டாம். தஞ்சாவூர் மே மாத வெயிலில் கேபின் கொதிக்கும்போது அது இளகி வழியும், நாற்றமும் போகாது.

கதவின் வெளித்தகட்டை விரலால் தட்டிப் பார்த்தால் ‘டாங்’ என்று கேட்கும். நடுவில் ஒரு முழம் டேப் ஒட்டிவிட்டுத் தட்டினால் ‘டப்’ என்று அடங்கும். தகடு முழுவதையும் போர்த்த வேண்டியதில்லை, நடுப்பகுதி அடங்கினால் போதும். பூட்டுக்கு ஓடுகிற கம்பிகளில் துணி டேப் சுற்ற வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு தவில் அடிக்கும் கம்பியும் சேர்ந்து தாளம் போடும். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவில் மரைன் பிளைவுட்டில் ஒரு வளையம், வளையத்துக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிய பட்டை. இவ்வளவுக்கும் ஆகிற செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. ஆனால் ஒரு முழு நாள் வேலை. அவசரக்காரர்கள் தாண்டிப் போகிற வேலையும் இதுதான். ஒரு மெக்கானிக்கின் தரத்தை நான் இந்த இடத்தில்தான் பார்ப்பேன். கதவு அட்டையைக் கழற்றியவுடன் ஸ்பீக்கரைத் தேடுகிறாரா, ஓட்டைகளை எண்ணுகிறாரா? வீணைக் குடத்தைக் குடைகிறவர் பலாமரத்தின் கனத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பாரே, அந்தக் காது இவருக்கும் வேண்டும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற வாட்ஸை மறந்துவிடலாம். பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ‘சென்சிடிவிட்டி’ என்று ஒரு டெசிபல் கணக்கு இருக்கும். ஏழை ரசிகனுக்கு வேண்டிய எண் அதுதான். மூன்று டெசிபல் கூடுதலாக இருக்கிற ஸ்பீக்கர், பாதி ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) சக்தியிலேயே அதே சத்தத்தைத் தரும். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட்ஸ் தேவைப்படுகிற இடத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பத்து வாட்ஸ் போதும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஐம்பது வாட்ஸ் ஆம்பை நூறு வாட்ஸ் ஆக்குவதால் கிடைப்பது அந்த மூன்று டெசிபல் மட்டுமே. அதே மூன்றை ஸ்பீக்கரைப் பார்த்து வாங்கினால் சும்மாவே அடையலாம். ஆறரை இஞ்ச், காகிதக் கூம்பு, நடுவில் மேல்சுரங்களுக்குச் சின்ன ட்வீட்டர், 90 டெசிபலுக்கு மேல். இரண்டாயிரம் ரூபாய்ச் சுற்றில் ஒரு ஜோடி கிடைக்கும். தூசுக்கு மட்டும் ஒரு துணி வலை கட்டாயம் வேண்டும். கொள்முதல் நிலைய வாசலில் பறக்கிற நெல் சுணை எந்தச் சந்திலும் புகுந்துவிடும். சிடி பிளேயர்கள் இந்த ஊரில் நெடுநாள் தாக்குப்பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

டேஷ்போர்டில் 180க்கு 50 மில்லிமீட்டர் துளை. அதில் உட்காருகிற செட்டின் முகத்தில் ‘50×4’ என்று எழுதியிருக்கும். வண்டி ஓடும்போது பேட்டரி வயரில் இருப்பது 14.4 வோல்ட். அந்த வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, செட்டுக்குள் இருக்கிற ஐசி எவ்வளவு முக்கினாலும் சுத்தமாகத் தரக்கூடியது கணக்குப்படியே 26 வாட்ஸுக்குள்தான். நடைமுறையில் இருபதைத் தொடுவதே அபூர்வம். ஐம்பது என்பது ஒலி உடைந்து சதுர அலையாகப் போகும்போது அளந்தது. இதில் ஏமாற ஒன்றுமில்லை. நல்ல கதவும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தால் அந்த இருபது வாட்ஸே கேபினை நிறைத்துவிடும். பெரும்பாலான குட்டி யானைகளுக்குத் தனி ஆம்ப்பே தேவையில்லை என்பது என் தீர்ப்பு.

தேவைப்படுகிறவர்களுக்கு டெல்டாவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு புனிதப் பெயர் உண்டு: ‘நாலாயிரத்து நானூத்தி நாப்பது’. சான்யோ கம்பெனியின் எல்ஏ 4440 ஐசி. இரண்டு பக்கத்துக்கும் தலா 6 வாட்ஸ், பிரிட்ஜ் போட்டால் ஒரு பக்கத்துக்கு 19 வாட்ஸ். சுற்றிலும் சில கண்டன்சர்கள், ஒரு ஹீட் சிங்க், முடிந்தது ஆம்ப். ஐடிஐ முடித்த எத்தனையோ பேர் முதன்முதலில் சால்டர் வைத்துப் பாட வைத்த போர்டு அது. டிராக்டர் மட்கார்டிலும் டீக்கடை அலமாரியிலும் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. இப்போது வருகிற சின்ன கிளாஸ்-டி போர்டுகள் சூடாகாமல் வேலை செய்யும், நல்லவைதான். ஆனால் ‘50+50’ என்று விற்கிற போர்டு அந்த ஐம்பதைத் தருவது 21 வோல்ட்டில். நம் வண்டியின் 12 வோல்ட்டில் அது பதினைந்து சொச்சம்தான். வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘அண்ணே, பன்னெண்டு வோல்ட்டுல எவ்வளவு வரும்?’

வயர் வேலையை யாரும் ரசித்துப் பேசுவதில்லை, நான் பேசுவேன். பேட்டரியிலிருந்து ஆம்புக்கு ஐந்து மீட்டர் வயர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.2 வோல்ட் காணாமல் போகும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.3 வோல்ட்தான் போகும். பம்ப்செட்டுக்கு மெல்லிய வயர் போட்டால் மோட்டார் முனகும் என்பதை அறிந்த விவசாயிக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. கடையில் ‘கார் ஆடியோ வயர்’ என்று தடியாகத் தொங்குகிறவற்றில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் ஒன்றரை மடங்குக்கு மேல் தடை. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்புக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், நடுவில் எங்கேயாவது தகட்டில் உரசித் தோல் கிழிந்த வயர் வண்டியையே எரிக்கும். பின்னால் வைக்கோல் ஏற்றுகிற வண்டி என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு ‘ங்ஙீ’ ஏறுகிறதே, அது ஆல்டர்னேட்டரின் குரல். செட்டு ஓரிடத்திலும் ஆம்ப் வேறிடத்திலும் எர்த் எடுத்தால் வரும். கரன்ட் வயரும் சிக்னல் வயரும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு போனாலும் வரும். நல்ல கைக்காரர் இரண்டுக்கும் ஒரே இடத்தில், பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளித் தகடு தெரிகிறவரை சுரண்டி, எர்த் எடுப்பார். கரன்ட் வயர் வலப்பக்கம், சிக்னல் வயர் இடப்பக்கம். முடித்துவிட்டு அந்தத் தேய்த்த இடத்தில் கிரீஸ் தடவுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டே மாதத்தில் துரு பிடிக்கும் ஊர் இது என்பது அவருக்குத் தெரியும். யாரும் பார்க்காத இடத்தில் தடவுகிற அந்தக் கிரீஸை நான் கலை என்றே சொல்வேன்.

இவ்வளவும் ஆன பிறகு, கையில் இன்னும் காசு இருந்தால், அப்போது ஊஃபர். ஏஸில் சீட்டுக்கு அடியில் இடம் கிடையாது. பின் சுவரை ஒட்டி, சீட்டின் சாய்மானத்துக்கு ஏற்பச் சரிவாக வெட்டிய ஒல்லிப் பெட்டிதான் வழி. எட்டு இஞ்ச் ஊஃபருக்குப் பதினைந்து லிட்டர் அளவு மூடிய பெட்டி ஏறக்குறைய சரியாக வரும். பதினைந்து லிட்டர் எண்ணெய் டின் பிடிக்கிற இடம்தான் அது. எம்டிஎஃப் பலகை வேண்டாம். ஒரு அடைமழை ஈரத்தில் ஓரங்கள் அப்பளமாக ஊதிவிடும். 18 மில்லிமீட்டர் பிளைவுட், ஃபெவிகால், இரண்டு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, உள்மூலைகளில் எம்-சீல், உள்ளே கொஞ்சம் தலையணைப் பஞ்சு. மூடிய பெட்டியின் பேஸ் அடக்கமானது, அடித்தவுடன் நிற்கும். ஓட்டை வைத்த பெட்டி காசுக்கு அதிகச் சத்தம் தரும்தான், ஆனால் ஒரே சுரத்தில் உறுமும். எஞ்சினின் உறுமலோடு அதுவும் சேர்ந்தால் தாங்காது. கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 அதிர்வுக்குக் கீழே போகாதபடி ஆம்பில் வெட்டிவிட்டால் அவை மூச்சுத் திணறாமல் பாடும். தனி ட்வீட்டர் வைத்தால் 4.7 மைக்ரோஃபேரட் பைபோலர் கண்டன்சர் ஒன்று தொடரில் வேண்டும். சில ரூபாய்ச் சாமான், அது இல்லையென்றால் முதல் வாரத்திலேயே ட்வீட்டர் கருகும். ஆம்பில் இருக்கிற ‘கெயின்’ திருகு வால்யூம் கிடையாது. செட்டை முக்கால்வாசி வைத்துப் பாடவிட்டு, ஒலி உடைகிறவரை கெயினை ஏற்றி, உடைந்ததும் கொஞ்சம் இறக்கி, அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும்.

கேட்டுப் பார்ப்பதற்கு டெல்டாக்காரனுக்கு இருக்கிற வசதி வேறு யாருக்கும் இல்லை என்று நினைக்கிறேன். நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலைப் போடுங்கள். மைக்கே தேவைப்படாத அந்த நெஞ்சுக்குரலில் கனம் அவ்வளவும் 100 முதல் 300 அதிர்வுக்குள் இருக்கிறது. கதவு ஓட்டை அடைபடாத வண்டியில் ஹனிபா மெலிந்து, யாரோ ஒருவராகிவிடுவார். அடைத்த வண்டியில் அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பாடுவார். அடுத்தது சீர்காழி கோவிந்தராஜன். உச்சத்தில் அவர் வெண்கல மணியாக நிற்கிற இடத்தில் மலிவான ட்வீட்டர் காதைக் குத்தும். குத்தினால் ட்வீட்டரைக் கொஞ்சம் திருப்பி எதிர்ச் சீட்டைப் பார்த்து வையுங்கள், அல்லது மாற்றுங்கள். மூன்றாவதாகத் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பிரதிதான் கிடைக்கும். அதில் ட்வீட்டருக்கும் வேலை இல்லை, ஊஃபருக்கும் வேலை இல்லை. எல்லாமே நடுவில்தான். அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து பாரி நாகசுரத்தின் உருண்ட நாதம், எஞ்சின் ஓடும்போதும், கேட்கிறது என்றால் உங்கள் செட்டின் முதுகெலும்பு நேராக இருக்கிறது.

கடைசியாக இளையராஜா. அவர் இல்லாமல் எந்த லோடு வண்டியும் இந்த ஊரில் நகர்வதில்லை. 1978இல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. இடமும் வலமும் பிரிந்து கேட்கிறதா என்று பார்க்க அவை நல்லவை. டிரைவர் வலக் கதவை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் வலது ஸ்பீக்கரே காதை அடைக்கும். பாலன்ஸை இரண்டு புள்ளி இடப்பக்கம் தள்ளினால் பாடகர் கண்ணாடிக்கு நேர் எதிரே, நடுவில் வந்து நிற்பார். எண்பதுகளின் பாட்டுகளில் சசிதரனின் பேஸ் கிடாரைத் தேடுங்கள். அது ‘தம் தம்’ என்று வெறுமனே இடிக்கிறதா, சுரத்துக்குச் சுரம் நடந்து போகிறதா? நடை கேட்டால் பெட்டி சரி. அருண்மொழியின் புல்லாங்குழலில், ஊதுவதற்கு முன்னால் வருகிற மூச்சு கேட்டால் ட்வீட்டர் சரி. பேஸும் ட்ரெபிளும் இரண்டும் முழுசாகத் திருகியிருக்கிற வண்டியில் இந்த இரண்டுமே கேட்காது. அந்தத் திருகுகளை நடுவில் வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுத்துக் கேளுங்கள், காது திரும்பி வரும்.

வருத்தத்தோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சில வண்டிகளில் ஸ்பீக்கரை வெளியே பார்த்து வைக்கிறார்கள். பின்னால் பாடியில் பெட்டி கட்டி, ஊரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். திருவிழாவுக்கு சவுண்ட் சர்வீஸ்காரர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் தொழில். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. விதி ஒருபுறம் இருக்கட்டும். பின்னால் வருகிற பஸ்ஸின் ஹாரன் கேட்காத அளவுக்குப் பாட்டு வைத்துக்கொண்டு ஒற்றைத் தார்ச்சாலையில், ஒருபக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல் என்று போகிறவர் தன் உயிரோடு விளையாடுகிறார். கதவை அடைத்துச் செய்த செட்டுக்கு அந்தச் சத்தம் தேவையே இல்லை. குறைந்த ஒலியிலேயே எல்லாம் கேட்கும். நாலு மணி நேரம் கேட்டாலும் தலை வலிக்காது. இரவெல்லாம் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம்.

ஐயாயிரம் ரூபாய் வைத்திருக்கிற வண்டிக்காரர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள். பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். ஆயிரம் ரூபாயைக் கதவுக்கும் வயருக்கும் ஒதுக்குங்கள். மிச்சத்தை மெக்கானிக்கின் கூலியாகப் பேரம் பேசாமல் கொடுங்கள். பழைய செட்டு யுஎஸ்பி வாங்கிக்கொள்கிறது என்றால் அதை மாற்ற வேண்டாம். ஊஃபர் அடுத்த அறுவடைக்கு ஆகட்டும். கடைக்குப் போகும்போது உங்களுக்குப் பிடித்த பாட்டை நல்ல பிரதியில் நீங்களே எடுத்துப் போங்கள், கடைக்காரர் போட்டுக் காட்டுகிற குத்துப்பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் கேட்கும். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உங்கள் சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். வார்த்தை புரிந்தால் காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுங்கள்.